இரத்தக் கொதிப்பு மாத்திரையும் இருதயத் துடிப்பும்

நமது சங்க அங்கத்தினர்களுள் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உட்கொள்வோர் பலர். அழுத்தம் இறங்கிவிட்டதென்று அதனை நிறுத்திவிடுவோரையும் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் காண்கிறோம். இறங்கியது மாத்திரையினால் அன்றோ!

அழுத்தம் பல்லாண்டு மிகுந்திருப்பின் இருதயத்தின் இடது கீழறை தடிக்கும். மேலறை விரிந்து, அதன் சுவரில் தழும்பு படியும். பின்னர் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கும். அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளையை அடைந்தால் பக்கவாதம் நேரும். நடுக்கம் வந்ததையே பலர் உணர்வதில்லை.

மருந்து இதனைத் தடுக்குமா? ஸ்காண்டிநேவிய நாடுகள், பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றில் இருதயம் தடித்திருந்த 9,193 பேரிடம் 'லைஃப்' என்னும் ஆராய்ச்சி நடந்தது. அவர்களுள் முன்பு இந்நடுக்கம் இல்லாதோரைப் பற்றிய கணக்கு 2005இல் வெளிவந்தது. அட்டெனலால் உண்டோரில் 221 பேருக்கும், லோசார்ட்டன் உண்டோரில் 150 பேருக்கும் நடுக்கம் புதிதாகத் தோன்றியது. இரு சாராரிடமும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவே குறைந்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் நடுக்கம் ஏற்கெனவே கண்டிருந்த 1,442 பேருக்கு இத்தாலியில் அதே இனத்தைச் சேர்ந்த வால்சார்ட்டன் கொடுத்துப் பார்த்ததில், பயனில்லை என்று 2009இல் தெரிந்தது. ஓராண்டுக்குள் இரு சாராரிலும் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு அது திரும்பிற்று. ஆகவே, மருந்தின் காவல் நோய்க்கு முன்னரே வேண்டும் என்பது நமது கருத்து.

இதைப் படித்துத் தாமே மாத்திரையை மாற்றலாகாது. அது டாக்டரின் பொறுப்பு. கருவுற்ற பெண்களுக்கு இவ்வின மருந்துகள் ஆகா. மணிக்கட்டில் நாடி தாறுமாறாகத் தட்டினால், தாமதியாது இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும்.