மானிட்டர் புதுசு, மெஷின் பழசு: ஏன் படம் வரலை?

போன மாசம் எளாவூர்ல இருந்து ஃப்ரெண்ட் ஒருத்தன் கூப்பிட்டான். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில மெயின்டெனன்ஸ் பார்க்கிறான். "மச்சான், பழைய சிஎன்சி லேத்தோட சிஆர்டி டிஸ்ப்ளே போயிடுச்சுடா. புது எல்சிடி மாட்டினா 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'னு மட்டும் வருது. கன்ட்ரோலரையே மாத்தணும்ங்கிறாங்க. லட்சக்கணக்குல ஆகும்."

கன்ட்ரோலர் நல்லாத்தான் இருந்துச்சு. சிக்கல் வேகத்துல.

திரையில படம் மேலிருந்து கீழே வரிவரியா வரையப்படுது. ஒரு நொடிக்கு எத்தனை வரிங்கிறதுதான் கிடைமட்ட அதிர்வெண். 1981-ல ஐபிஎம் பிசியோட வந்த சிஜிஏ கார்டு, அமெரிக்க டிவி கணக்கையே எடுத்துக்கிட்டது. 262 வரி, நொடிக்கு 60 தடவை. அதாவது சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸ். 1987-ல விஜிஏ வந்தப்போ 525 வரி, அதே 60 தடவை. 31.5 கிலோஹெர்ட்ஸ். (640 x 480-ல கண்ணுக்குத் தெரியுறது 480 வரிதானேன்னு கேட்பீங்க. மீதி, கற்றை மறுபடி மேலே போறதுக்கான நேரம்.)

இன்னைக்கு விக்கிற எல்சிடி பெரும்பாலும் 30 கிலோஹெர்ட்ஸுக்கு மேலதான் படிக்கும். பழைய மெஷின் பலதும் 15.7-ல அனுப்புது, கிட்டத்தட்ட சரிபாதி. ஆக, அந்த மெசேஜ் பொய் சொல்லலை. சிக்னல் வருது, ஆனா அந்த வேகத்துல எனக்குப் படிக்கத் தெரியாதுங்குது.

பின்னை மட்டும் மாத்துற கேபிள் வாங்கினா? காசு வேஸ்ட். கேபிள் வேகத்தை மாத்தாது. வர்ற படத்தை மெமரியில வாங்கி, மானிட்டருக்குத் தோதான வேகத்துல திருப்பி அனுப்புற கன்வெர்ட்டர் வேணும். பழைய ஆர்கேட் கேம் பெட்டிகளை உயிரோட வச்சிருக்கிறவங்க ஜிபிஎஸ்-8200னு ஒரு போர்டு போடுவாங்க. வாங்குறதுக்கு முன்னாடி மெஷின் மேனுவல்ல அதிர்வெண்ணையும், சிங்க் தனி வயர்ல வருதா, பச்சை சிக்னலோட கலந்து வருதான்னும் பாருங்க. நம்ம ஆளு பார்த்தான்: 15.7, தனி சிங்க். போர்டு மாட்டினதும் எழுத்து வந்துடுச்சு. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது, அதை போர்டு பட்டன்லயே சரி பண்ணிட்டான்.

ஒரு எச்சரிக்கை. சிஆர்டியை நீங்களே பிரிக்காதீங்க. ஆஃப் பண்ணின பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

சாதாரண பிசியில கதை வேற. 1994-ல வெசா அமைப்பு ஈடிஐடின்னு ஒண்ணு கொண்டுவந்தது. மானிட்டர் தன்னோட அளவுகளை 128 பைட்ல எழுதி வச்சிருக்கும், கம்ப்யூட்டர் அதைப் படிச்சுக்கும். விஜிஏ கேபிள்ல அது போறது 12, 15-ஆம் பின்கள் வழியா. மலிவு கேபிள்லயோ கேவிஎம் ஸ்விட்ச்லயோ அந்த வயர் இல்லைன்னா, விண்டோஸ் குத்துமதிப்பா ஒரு ரெசல்யூஷன் வைக்கும். தப்பான ரெசல்யூஷன்ல திரையே கறுப்பாயிட்டா, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்ல 'லோ-ரெசல்யூஷன் வீடியோ'வைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் மாத்துங்க.

4கே மானிட்டர்ல பழைய சாஃப்ட்வேர் பட்டன் எல்லாம் எறும்பு சைஸ்ல தெரியுதே, அந்த டிபிஐ சமாச்சாரம் அடுத்த எபிசோட்ல.