ஜே.பி. சந்திரபாபு

ஜே.பி. சந்திரபாபு (ஆகஸ்ட் 5, 1927 - மார்ச் 8, 1974) தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகர், பாடகர், இயக்குநர். தூத்துக்குடியில் பிறந்தவர். மேற்கத்திய நடன அசைவுகளையும் யோடல் பாணிப் பாடலையும் தமிழ் நகைச்சுவைக்குள் கொண்டுவந்தார். தன் பாடல்களைத் தானே பாடி நடித்த நகைச்சுவை நடிகர்களில் என்.எஸ். கிருஷ்ணனுக்குப் பிறகு தனி இடம் பெற்றவர்.

பிறப்பு, இளமை

சந்திரபாபு தூத்துக்குடியின் பரதவர் குலத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். முத்துக்குளிப்பைத் தொழிலாகக் கொண்டிருந்த இக்கடற்கரை மக்கள் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரின் தொடர்பால் கிறிஸ்தவத்தை ஏற்றவர்கள். ரொட்ரிகோ, பெர்னாண்டோ, மச்சாடோ போன்ற குடும்பப் பெயர்கள் இன்றும் அங்கே புழக்கத்தில் உள்ளன. ஊரின் முதன்மை ஆலயமான பனிமய மாதா கோயிலின் திருவிழா ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 அன்று நிறைவடையும். அந்த நாளையொட்டிப் பிறந்த குழந்தைக்கு மாதாவின் பெயரால் ஜோசப் பனிமயதாஸ் என்று பெயர் வந்தது. பெயருக்கு முன்னுள்ள ‘ஜே.பி.’ இதன் முதலெழுத்துகளே. பரதவர் தங்களைச் சந்திரகுலத்தவர் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். சந்திரபாபு என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பர்.

தந்தை ரொட்ரிகோ விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர், ‘சுதந்திர வீரன்’ என்ற இதழை நடத்தியவர். அதனால் ஆங்கில அரசின் நடவடிக்கைக்கு ஆளாகி, குடும்பம் சொத்தை இழந்து இலங்கைக்குப் பெயர்ந்தது. சந்திரபாபுவின் பள்ளிப்பருவம் கொழும்பில் கழிந்தது. அன்று தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொழும்பு அயலூர் அல்ல. வணிகமும் உறவும் கடலின் இரு கரைகளிலும் இருந்தன. ஆங்கிலப் படங்களும் மேற்கத்திய இசையும் நடன அரங்குகளும் நிறைந்த அந்தத் துறைமுக நகரில்தான் அவருடைய ரசனை உருவானது. பிற்காலத்தில் தமிழ்த் திரையில் அவர் செய்தவை பலருக்கும் வெளிநாட்டுச் சரக்காகத் தோன்றின. அவருக்கோ அவை சிறுவயதிலிருந்து கேட்டுப் பழகியவை.

1943-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. தந்தை தினமணி நாளிதழில் பணியில் சேர்ந்தார். மகன் திரைப்பட வாய்ப்புத் தேடத் தொடங்கினார்.

திரைத்துறை நுழைவு

முதல் படம் ‘தன அமராவதி’ (1947). இதை இயக்கியவர் மணிக்கொடி எழுத்தாளர் பி.எஸ். ராமையா. ஆனால் அதன்பின் ஐந்தாண்டுகள் குறிப்பிடும்படி எதுவும் அமையவில்லை. 1952-ல் எஸ்.எஸ். வாசனைச் சந்திக்க முயன்று முடியாமல்போன விரக்தியில் ஜெமினி ஸ்டுடியோ வளாகத்திலேயே தற்கொலைக்கு முயன்றார். மருத்துவமனையில் காப்பாற்றப்பட்டு, அக்காலச் சட்டப்படி வழக்கையும் எதிர்கொண்டார். நீதிமன்றத்தில் தீக்குச்சியைக் கொளுத்திக் கையில் சுட்டுக்கொண்டு, சுட்டதை நீங்கள் பார்க்கலாம், வலியை உணர முடியாது என்று நீதிபதியிடம் சொன்னார் என ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அவருடைய இயல்புக்குப் பொருந்தும் கதை. வாசன் அதே ஆண்டில் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவருக்கு வேடம் கொடுத்தார்.

நகைச்சுவையும் பாடலும்

தொடக்கத்தில் அவரைக் கவனிக்க வைத்தது குரல். ஏ.வி.எம். தயாரித்த ‘பெண்’ (1954) படத்தில் எஸ். பாலசந்தருக்காகவும், ‘கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி’ (1954) படத்தில் சிவாஜி கணேசனுக்காகவும் பின்னணி பாடினார். நகைச்சுவை நடிகர் ஒருவர் கதாநாயகர்களுக்குக் குரல் கொடுத்தது அரிய நிகழ்வு.

யோடல் என்பது ஆல்ப்ஸ் மலை இடையர்களிடமிருந்து வந்த பாடும் முறை. நெஞ்சுக் குரலிலிருந்து சட்டென்று மெல்லிய உச்சக் குரலுக்குத் தாவி மீண்டும் இறங்குவது. சந்திரபாபு இதைப் பாடலின் நடுவே ஓர் அலங்காரமாகச் சேர்த்தார். அவர் பாடல்களின் சொற்கள் பெரும்பாலும் ஏமாற்றத்தையும் வாழ்க்கையின் நிலையின்மையையும் பேசுபவை. குரலோ துள்ளிக் குதிக்கும். இந்த முரண்தான் அவற்றின் கவர்ச்சி. ‘புதையல்’, ‘மணமகன் தேவை’ (இரண்டும் 1957), ‘மரகதம்’, ‘சகோதரி’ (இரண்டும் 1959), ‘குமார ராஜா’ (1961), ‘அன்னை’ (1962) ஆகிய படங்களில் அவர் பாடியவை இன்றும் கேட்கப்படுகின்றன.

அவருடைய நகைச்சுவை உடல் சார்ந்தது. விழுவது, வழுக்குவது, சுழல்வது எல்லாமே தாளத்தோடு நிகழும். வசனத்தை நம்பிய அன்றைய நகைச்சுவை நடிகர்களுக்கு நடுவே இது தனித்துத் தெரிந்தது. அதேசமயம் பேச்சிலும் அவர் குறைந்தவர் அல்லர். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் படித்தவர், சென்னை ரிக்‌ஷாக்காரர்களின் பேச்சை அச்சாகப் பிடித்தார்.

‘சபாஷ் மீனா’ (1958) இந்தத் திறமைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்த படம். பி.ஆர். பந்துலு இயக்கினார். கண்டிப்பான தந்தையால் வெளியூருக்கு அனுப்பப்படும் பணக்கார இளைஞன் (சிவாஜி கணேசன்) தனக்குப் பதில் நண்பனை (சந்திரபாபு) அந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஆள்மாறாட்டக் கதை. ரிக்‌ஷாக்காரராக இரண்டாவது வேடமும் சந்திரபாபுவுக்கு உண்டு. கதாநாயகனைவிடக் கூடுதல் ஊதியம் கேட்டு அவர் இதில் நடித்தார் என்பது திரையுலகில் வழங்கும் செய்தி. பந்துலுவே இதை இந்தியில் ‘தில் தேரா தீவானா’ (1962) என்று எடுத்தார். அதில் சந்திரபாபு ஏற்ற பாத்திரத்தில் நடித்த மெஹ்மூத் ஃபிலிம்ஃபேர் துணைநடிகர் விருது பெற்றார். தமிழில் ‘உள்ளத்தை அள்ளித்தா’ (1996) படத்திலும் இக்கதையின் சாயலைக் காணலாம்.

‘சகோதரி’ இன்னொரு வகைச் சான்று. படம் முடிந்த பின் அது விறுவிறுப்பாக இல்லை என்று கருதிய ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், பால்காரராகச் சந்திரபாபு வரும் பகுதியைத் தனியே எடுத்துச் சேர்த்தார். படம் ஓடியதற்கு அதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

நாயகனாகவும் இயக்குநராகவும்

நகைச்சுவை நடிகன் என்ற வரையறைக்குள் நிற்க அவர் விரும்பவில்லை. கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்தில் கதாநாயகனாக நடித்தார். படம் தோற்றது. படப்பிடிப்புக்குச் சந்திரபாபு ஒழுங்காக வரவில்லை என்பதைக் கண்ணதாசன் பின்னர் கசப்போடு பதிவுசெய்தார். ‘குமார ராஜா’விலும் அவரே நாயகன்.

எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து ‘மாடி வீட்டு ஏழை’ என்ற படத்தை அவர் இயக்கத் தொடங்கியது பெரும் இழப்பில் முடிந்தது. சிறிது படப்பிடிப்போடு படம் நின்றுபோனது. கார் மாடிவரை ஏறிச்செல்லும்படி சென்னையில் ஆசையாகக் கட்டிய வீட்டையும் அவர் இழந்தார். நின்றுபோன படத்தின் தலைப்பு அவரது நிலைமைக்கே பொருந்திவிட்டதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனினும் ‘நாடோடி மன்னன்’ (1958) காலம் முதலே அவரை அறிந்த எம்.ஜி.ஆர்., பிற்காலத்தில் ‘கண்ணன் என் காதலன்’ (1968), ‘அடிமைப் பெண்’ (1969) ஆகிய தம் படங்களில் அவருக்கு இடம் இருக்கும்படி செய்தார்.

‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) சந்திரபாபு இயக்கி வெளிவந்த படம். தலைப்பு விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியிலிருந்து எடுக்கப்பட்டது. சாவித்திரி உடன் நடித்தார். படம் வணிக வெற்றி பெறவில்லை.

வீழ்ச்சியும் மறைவும்

வாய்ப்புகள் குறைந்ததற்கு மதுப்பழக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். மூத்தவர்களை ‘அண்ணே’ என்று அழைத்துப் பணிவதைப் பழக்கமாகக் கொண்ட திரையுலகில் அவர் முன்னணி நடிகர்களையும் ‘மிஸ்டர்’ சேர்த்தே அழைத்தார். சக நடிகர்களைப் பற்றிப் பேட்டிகளில் மனதில் பட்டதைச் சொன்னார். நாகேஷின் வருகைக்குப் பின் தயாரிப்பாளர்களுக்கு வேறு வழியும் இருந்தது.

1958-ல் நடந்த அவருடைய திருமணம் நீடிக்கவில்லை. மனைவி வேறொருவரை விரும்பியதை அறிந்து அவரே விலகிக்கொண்டதாகக் கூறப்படுகிறது. கே. பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ (1981) கதைக்கு இந்நிகழ்ச்சி தூண்டுதல் என்ற கருத்து பரவலாக உண்டு.

இறுதிக் காலத்தில் இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதனின் நட்பு அவருக்குத் துணையாக இருந்தது. மார்ச் 8, 1974 அன்று சென்னையில் 46-ஆம் வயதில் காலமானார். சாந்தோம் பகுதியிலுள்ள குயிபிள் தீவுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். ‘பிள்ளைச் செல்வம்’ அதே ஆண்டில் வெளியானது.

தொலைக்காட்சியில்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆகஸ்ட் 15, 1975 அன்று தொடங்கப்பட்டது. அதைக் காண சந்திரபாபு இல்லை. ஆனால் அவரைத் திரையரங்கில் பார்த்திராத தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்தியது தொலைக்காட்சிதான். தூர்தர்ஷனின் ‘ஒளியும் ஒலியும்’ போன்ற திரைப்பாடல் நிகழ்ச்சிகள் வழியாகவும், 1990-களுக்குப் பின் தனியார் அலைவரிசைகள் தொகுத்து ஒளிபரப்பிய பழைய நகைச்சுவைக் காட்சிகள் வழியாகவும் அவர் வீடுகளுக்குள் வந்தார். இதில் ஒரு விளைவும் உண்டு. தனிப் பாடல், தனிக் காட்சி என்று வெட்டிக் காட்டியபோது அவர் நாயகனாகத் தோற்ற படங்கள் மறைந்துபோய், அவற்றில் அவர் சிறந்து நின்ற சில நிமிடங்கள் மட்டும் எஞ்சின. ‘கவலை இல்லாத மனிதன்’ படத்தின் கதையைச் சொல்லக்கூடியவர்கள் இன்று குறைவு. பிறப்பையும் அழுகையையும் பற்றி அதில் அவர் பாடிய பாடலை அறியாதவர்கள் அதைவிடக் குறைவு.

சந்திரபாபுவின் வாழ்க்கையை எழுத்தாளர் முகில் ‘கண்ணீரும் புன்னகையும்’ என்ற நூலாக எழுதியுள்ளார்.