சோலார் கண்ணாடிக் குழாய்களில் படியும் உப்பை வீட்டிலேயே அகற்றுதல்

வெயிலில் நீரைச் சூடாக்க வீட்டு மாடிகளில் வைக்கப்படும் சூரிய வெந்நீர்க் கலன்களில் பெரும்பாலானவை வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களால் இயங்குகின்றன. இக்குழாய்களின் உட்புறத்தில் நாளடைவில் வெள்ளை நிறத்தில் உப்பு படிகிறது. ஒக்கூர், காரைக்குடி, சிவகங்கை வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும் வீடுகளில் இது வழக்கமான தொல்லை. உப்பு ஏற ஏற வெந்நீர் குறையும். சில வேளை குழாயே உடையும்.

குழாயின் அமைப்பு

இதைத் தெர்மாஸ் குடுவையின் நீண்ட வடிவம் எனலாம். ஜேம்ஸ் திவார் 1892-இல் உருவாக்கிய இரட்டைச் சுவர்க் குடுவையின் கொள்கைதான் இங்கும். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொன்று; இடையில் காற்று இல்லை. வெயிலை உறிஞ்சும் கரும்பூச்சு உட்குழாயின் வெளிப்பக்கத்தில், அதாவது வெற்றிடத்திற்குள் இருக்கிறது. ஆகவே உள்ளே தேய்த்தால் கறுப்பு போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். கண்ணாடி போரோசிலிகேட் வகை. சூட்டில் இது விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

பரவலாகக் காணப்படும் குழாய் 58 மில்லிமீட்டர் விட்டமும் 1800 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. உள்ளே சுமார் 2.7 லிட்டர் நீர் பிடிக்கும். அடிமுனை மூடியிருப்பதால் நீரோடு வரும் மண்ணும் உப்பும் அங்கே தங்கிவிடும். அடிமுனையில் வெள்ளிபோல் மினுங்கும் பகுதி பேரியப் பூச்சு. அது பால்போல் வெளுத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அந்தக் குழாயைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வேலையைத் தொடங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

உப்பு எங்கிருந்து வருகிறது?

எட்டாம் வகுப்பில் படித்த தற்காலிகக் கடினத்தன்மையை நினைவுகூர்க. நிலத்தடி நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூடானதும் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அதுவே சுண்ணாம்புக்கல். உணவு உப்பன்று என்றாலும் ஊர் வழக்கில் 'உப்பு' என்றே சொல்கிறோம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டு குடிநீர்த் தரத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் தற்காலிகக் கடினத்தன்மையுள்ள நீர் நாள்தோறும் 100 லிட்டர் சூடாகிறது என்று கொள்வோம். அதில் உள்ள சுண்ணாம்பு 30 கிராம். மூன்றில் ஒரு பங்கு படிந்தாலும் ஆண்டுக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல்!

மழைநீரில் இந்தச் சிக்கல் இல்லை. ஊருணித் தண்ணீரில்தான் பருப்பு நன்றாக வேகும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதே காரணத்தால்தான். வளவின் நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் இறங்கும் மழைநீரை அண்டாக்களில் பிடித்து வைத்த வீடுகள் செட்டிநாட்டு வீடுகள். அதே வீட்டு மாடியில் இன்று ஆழ்துளைக் கிணற்று நீர் சுண்ணாம்பாக இறுகுகிறது.

கழற்றும் முறை

வெயில் ஏறுமுன் விடியற்காலையில் செய்ய வேண்டும். முந்தைய நாள் மாலையிலேயே குழாய்களைச் சாக்கால் மூடி, வெந்நீரைத் திறந்துவிட்டுக் கலனை ஆறவிடுவது நல்லது. குளிர்நீர் வால்வை அடைத்து, கலனில் உள்ள நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். குழாயின் மேல்வாய் ரப்பர் வளையத்திற்குள் செருகியிருக்கும். வளையத்தைச் சுற்றிச் சோப்பு நீர் தடவி, குழாயை மெல்லத் திருகியபடி மேல்நோக்கிக் கலனுக்குள் தள்ளினால் அடிமுனை தாங்கியிலிருந்து விடுபடும். பிறகு கீழ்நோக்கி உருவலாம். நீர் நிறைந்த குழாய் கனமாக இருக்கும். மாடி விளிம்பில் தனியாளாக இதைச் செய்யக் கூடாது. உருவிய குழாயைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைப்பதே பாதுகாப்பு. அடிமுனையில் உள்ள சிறு கூர்முனை தட்டுப்பட்டால் வெற்றிடம் போய்விடும்.

கரைக்கும் முறை

மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும். 100 கிராம் சுண்ணாம்பைக் கரைக்க ஏறத்தாழ 130 முதல் 140 கிராம் வரை தேவை. காடியிலும் இது கரையும். ஆனால் 5 சதவீதக் காடியாக இருந்தால் அதே வேலைக்கு சுமார் இரண்டரை லிட்டர் செலவாகும். எலுமிச்சை உப்பே சிக்கனம்.

முதலில் வெறும் நீரால் அடிமண்ணைக் கழுவி ஊற்றுங்கள். ஒரு வாளியில் மடித்த சாக்கு போட்டு, அதில் குழாயை நிறுத்தி நிழலில் சாய்த்துக் கட்டுங்கள். லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பாதியளவு ஊற்றிப் பொங்கல் அடங்கிய பின் மீதியை ஊற்ற வேண்டும். குழாயின் வாயை அடைத்து வைக்கக் கூடாது. 100 கிராம் சுண்ணாம்பு கரையும்போது 24 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு வெளிவரும். அடைத்தால் அந்த வாயு எங்கே போகும்? இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, மூங்கில் கம்பில் பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டித் தேய்த்தால் மிச்சமும் பெயரும். கம்பித் தூரிகை, மணல் ஆகியவை கண்ணாடியைக் கீறும். கீறல் உள்ள இடத்தில்தான் பின்னர் வெடிப்பு தொடங்கும். அரிக்கேன் சிமினியைச் சாம்பல் போட்டுத் துடைத்த பழக்கத்தையும் இங்கே கொண்டுவர வேண்டாம். கரைசலை இரவெல்லாம் விட்டுவைத்தால் கால்சியம் சிட்ரேட் என்ற வெண்பொடி அடியில் தங்கும். ஆகையால் உடனே இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும்.

கழுவிய நீர் விழும் இடத்திலும் கவனம் தேவை. பழைய வீடுகளின் மாடித் தளம் சுண்ணாம்புக் காரையால் ஆனது. கூடத்துப் பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. குழாயில் உள்ள சுண்ணாம்பைக் கரைக்கும் அமிலம் இவற்றையும் அரிக்கும். கழிவை வாளியில் பிடித்து, நிறைய நீர் கலந்து சாக்கடையில் விடுங்கள்.

செய்யக் கூடாதவை

கழிவறை ஆசிட் சீக்கிரம் வேலை செய்யும் என்று சிலர் கலனுக்குள்ளேயே ஊற்றுகிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எவர்சில்வர்க் கலனில் ஊசித் துளைகளை உண்டாக்கும். அதைவிடக் கொடியது ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலப்பது. வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கி உயிரையே பறிக்கக் கூடும். எலுமிச்சை உப்போடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக் கூடாது. எந்த அமிலத்தையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னொரு ஆபத்து இப்பகுதிக்கே உரியது. இங்கே பல வீடுகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் திறக்கப்படுகின்றன. மாடித் தொட்டி வறண்டிருந்தால் கலனில் உள்ள நீர் ஆவியாகிக் குறைந்து, குழாய்கள் காய்ந்துவிடும். நீரில்லாத குழாயின் உட்புறம் நல்ல வெயிலில் 200 டிகிரி செல்சியசையும் தாண்டும். ஊருக்கு வந்து இறங்கிய நண்பகலில் மோட்டாரைப் போட்டுக் குளிர்நீரை ஏற்றினால் போரோசிலிகேட்டும் தாங்காது. குழாய்கள் வரிசையாக வெடிக்கும். சூரியன் மறைந்து நன்றாக ஆறிய பிறகே நீர் ஏற்ற வேண்டும். வீட்டைப் பூட்டிச் செல்வோர் குழாய்களைத் தடித்த சாக்காலோ தார்ப்பாயாலோ மூடி வைப்பது நல்லது.

கழுவிய குழாயைப் பொருத்தும்போதும் இதே விதிதான். வெயிலில் கிடந்த குழாயில் உடனே நீர் விடக் கூடாது. ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தால் புதியது போட்டு, சோப்பு நீர் தடவிச் செருகி, மாலையில் கலனை நிரப்புங்கள். வளையத்தடியில் கசிவு இருந்தால் விடிவதற்குள் தெரிந்துவிடும். கோடையில் வெந்நீர் அதிகம் தேவைப்படாது. குழாய்களில் பாதியை மூடி வைத்தால் நீர் அளவுக்கு மீறிக் கொதிக்காது, உப்புப் படிவதும் குறையும்.