நூல் பிடித்தல்

பெரம்பலூரினின்று அரியலூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவ்வழியே ஒரு கார் செல்வதாகக் கொள்வோம். அதன் முன்சக்கரம் ஒன்று செல்ல வேண்டிய திசையினின்று ஒரே ஒரு பாகை விலகியிருக்கிறது. அக்கோணல் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆயினும், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அச்சக்கரம் 17 மீட்டர் அளவு பக்கவாட்டில் இழுபடுகிறது. அரியலூரை அடைவதற்குள் அவ்விழுப்பு அரைக் கிலோமீட்டராகிவிடும்! இங்ஙனம் நாள்தோறும் தேயும் டயர் விரைவில் மொட்டையாகும். மொட்டை டயர் மழைநாளில் வழுக்குமாதலின், இழப்பு பொருளோடு நில்லாது.

இக்கோணல் எவ்வாறு உண்டாகிறது? அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் மிகுதி. கனமான வண்டிகள் ஓடும் சாலையில் பள்ளம் விழுதல் இயல்பு. பள்ளத்தில் விரைந்து இறங்கும் கார் தன் சக்கரத்தின் நேரை இழக்கக்கூடும். அதனைச் சீர்செய்தலைத் தொழிலாளர் ‘அலைன்மெண்ட்’ என்பர்.

பணிமனைகளில் இதற்கெனப் பொறிகள் உண்டு. எனினும், நூலும் அளவுகோலும் கொண்டு வீட்டு முற்றத்திலேயே இதனை ஒருவாறு செய்யலாம். தச்சரும் கொத்தரும் நூல் பிடித்தே நேர் காண்கின்றனர். மரத்தின் கோணலைக் காட்டும் அந்நூலையே ஏட்டு நூலுக்கு உவமையாக்கினார், நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர்.

முதற்கண் காரைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் உரிய அளவு காற்று நிரப்புக. பின்பு முன்சக்கரத்தைச் சற்றே தூக்கி, இரு பக்கமும் பிடித்து அசைத்துப் பார்க்க. ‘கடகட’வென ஆடினால் மூட்டு தேய்ந்திருக்கலாம். தேய்ந்த மூட்டை மாற்றாது நேர் பார்த்தல் வீண் வேலை.

சக்கரத்தை இறக்கி, ஸ்டியரிங்கை நேராக நிறுத்துக. சம நீளமுள்ள இரு குழாய்களைக் காரின் முன்னும் பின்னும் குறுக்காக வைத்து, அவற்றின் முனைகளில் நூல் கட்டுக. நூல்கள் சக்கர நடுவின் உயரத்தில், காரின் இருபுறமும் இணையாக ஓடவேண்டும். நூலினின்று இடப்பக்கச் சக்கர நடுவுக்குள்ள தொலைவும் வலப்பக்கத்துத் தொலைவும் ஒத்திருத்தல் வேண்டும்; முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இதனைத் தனித்தனியே பார்க்க. இதில் பொறுமையற்றவர் பின்னர் எதை அளந்தும் பயனில்லை.

இனி, நூலினின்று முன்சக்கர வளையத்தின் முன்விளிம்பு வரையும் பின்விளிம்பு வரையும் அளந்து குறித்துக்கொள்க. முன்னளவு மிகுதியாயின் சக்கரம் உள்நோக்கியுள்ளது, குறைவாயின் வெளிநோக்கியுள்ளது. 14 அங்குல வளையத்தில் ஒரு பாகைக் கோணல் 6 மில்லிமீட்டர் வேறுபாடாகத் தோன்றும். பின்சக்கரம் உந்தும் கார்களில் முன்சக்கரங்கள் ஓட்டத்தில் சிறிது வெளியே விரியும். அதனை ஈடுசெய்யவே அவற்றைச் சற்று உள்நோக்கி அமைப்பர். சரியான அளவைக் காரின் கையேட்டில் காண்க.

திருத்துமிடம் ‘டை ராடு’ எனப்படும் தண்டு. அதன் இறுக்கும் நட்டைத் தளர்த்தி, தண்டைக் கால் சுற்றுத் திருப்புக. இருபுறமும் ஒரே அளவு திருப்பாவிடின் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். தண்டு நீள்வதால் சக்கரம் எப்பக்கம் திரும்பும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆதலின் சிறிது திருப்பி அளந்து பார்த்தலே தக்கது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டியின் கீழ்ப் புகலாகாது; உறுதியான தாங்கிகள் இன்றியமையாதன.

நட்டை மீண்டும் நன்கு இறுக்கி, காரைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டியபின் மறுபடி அளக்க. சக்கரத்தின் மேற்பகுதி சாய்ந்திருத்தல் முதலிய பிற குறைகளை இந்நூல் தீர்க்காது. அவற்றிற்குப் பணிமனையையே நாடவேண்டும். இறுதியாக, ஆள்நடமாட்டமற்ற நேர்ச்சாலையில் மெல்ல ஓட்டிப் பார்க்க. கார் இன்னும் ஒருபுறம் இழுக்குமாயின் டயர்க் காற்றையும் பிரேக்கையும் சோதித்தபின் மீண்டும் நூல் கட்டுக.