விடைபெறும் முன் ஒரு வேலை

பந்தி முடிந்ததும் இலையை எடுப்பதுபோல, கணிப்பொறியில் வேலை முடிந்ததும் தற்காலிகக் கோப்புகளை நீக்க வேண்டும். பலரும் அமரும் ஆய்வகக் கணிப்பொறியில் ஒருவர் விட்டுச்சென்ற மதிப்பெண் பட்டியல் அடுத்தவர் கண்ணில் படலாம் அல்லவா?

யூனிக்ஸில் இதற்கு வழிகள் இரண்டு. பில் ஜாய் உருவாக்கிய சி ஷெல்லில் 'லாக்அவுட்' என்னும் கோப்பு உண்டு. விடைபெறும்போது அதிலுள்ள கட்டளைகள் இயங்கும். 1989இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ் ஷெல்லிலும் இத்தகைய கோப்பு உண்டு. ஆனால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து நுழைந்த ஷெல் முடிந்தால்தான் அது இயங்கும். திரையில் நாம் திறக்கும் டெர்மினல் பெரும்பாலும் அவ்வகையன்று.

மற்றது 'டிராப்' கட்டளை. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லிலேயே இது இருந்தது. நிரலின் தொடக்கத்தில் 'டிராப்' என எழுதி, மேற்கோள் குறிக்குள் நீக்கும் கட்டளையையும், இறுதியில் 'எக்சிட்' என்ற சொல்லையும் இட வேண்டும். பாஷ் ஷெல்லில், நிரல் பிழையால் நின்றாலும், நாமே கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினாலும் அக்கட்டளை தவறாமல் இயங்கும்.

நம் புதுக்கோட்டையின் மழைக்கால மின்தடைக்கும், 'கில் -9' கட்டளைக்கும் முன் எந்த டிராப்பும் நில்லாது. ஆகவே, நிரல் தொடங்கும்போதே பழைய மிச்சங்களை நீக்குவது நன்று. பந்தி தொடங்குமுன் இடத்தைப் பெருக்குவதும் நம் வழக்கந்தானே!