செங்காந்தள் கிழங்கின் ஓய்வுக்காலப் பராமரிப்பு

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்று பல பெயர்களில் வழங்குவர். வேதாரண்யம் வட்டாரத்து மணற்பாங்கான நிலங்களில் வேலியோரம் தானாகவே படரும் இக்கொடி, மருந்துக்குரிய விதைக்காகப் பயிராகவும் வளர்க்கப்படுகிறது. ஆடியில் நட்டால் புரட்டாசி முதல் கார்த்திகை வரை பூத்து, தை மாதத்தில் காய் முற்றும். மாசியில் கொடி பழுத்துக் காய்ந்துவிடும். பிறகு வைகாசி வரை மண்ணுக்கு மேல் ஒன்றும் தெரியாது.

பயிர் செத்துவிட்டது என்று நிலத்தை உழுதுவிடுவோர் உண்டு. இரக்கப்பட்டுத் தண்ணீர் கட்டுவோரும் உண்டு. இரண்டிலும் நஷ்டம் கிழங்குக்கே. பழைய கிழங்கு தன் சத்தையெல்லாம் கொடுத்துச் சுருங்கிப்போக, அதனிடத்தில் கலப்பை வடிவில் இரண்டு கவையுடன் புதுக்கிழங்கு உருவாகி உறங்குகிறது. இலையில்லாத கிழங்குக்குத் தண்ணீர் உறிஞ்ச வேலையில்லை. ஈரம் தங்கினால் அழுகல்தான் மிச்சம். காவிரிப் பாசனத்தில் பழகிய கை மடையைத் திறக்கவே முந்தும். நெல்லுக்குச் சரியான அந்தப் பழக்கம் இங்கே ஆகாது.

வேதாரண்யத்து மணலில் கிழங்கை நிலத்திலேயே விட்டுவைக்கலாம். கோடை மழை பெய்தாலும் தண்ணீர் உடனே வடிந்துவிடும். கொடி காய்வதற்கு முன்பே ஒவ்வொரு தூரின் பக்கத்திலும் ஒரு குச்சியை ஊன்றி வைத்தால், பிறகு இடம் தேட வேண்டியதில்லை. தஞ்சை, மன்னார்குடிப் பக்கத்துக் களிமண் வேறு. அங்கே வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்போர் கிழங்கைத் தோண்டி எடுத்து வைப்பதே நல்லது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், பக்கத்து நிலத்தில் கசிவு ஏறும் என்பதையும் மறக்கக்கூடாது.

தோண்டும்போது தூரை விட்டு ஒரு முழம் தள்ளி வெட்டி, மண்ணைக் கையால் விலக்கிக் கிழங்கை எடுக்க வேண்டும். கவையின் நுனியில்தான் முளைக்கண் இருக்கிறது. அது ஒடிந்துபோனால் அந்தக் கவை எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது என்றே கொள்ளலாம். வெட்டுப்பட்டதையும் அழுகல் கண்டதையும் கழித்துவிட்டு, மற்றவற்றை நிழலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள கொட்டகையில் உலர்ந்த மணல் பரப்பி ஒரே அடுக்காக வைக்க வேண்டும். சாக்கில் கட்டி வைத்தால் வெந்து கெடும்.

எங்கே வைப்பது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இக்கிழங்கில் உள்ள கோல்ச்சிசின் என்னும் பொருள் கீல்வாத மருந்துக்கு உதவுவது. ஆனால் அளவு மீறினால் ஆளைக் கொல்லும் நஞ்சு. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. பார்வைக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு போலிருப்பதால் தவறித் தின்று உயிர்விட்டவர்கள் உண்டு. இலங்கையிலும் இத்தகைய சாவுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே அடுக்களையிலோ, சேனை, வள்ளிக்கிழங்கு வைக்கும் பரணிலோ இதை ஒருபோதும் வைக்கக்கூடாது. பூட்டிய கொட்டகையே தகும். கழித்த கிழங்குகளை ஆடு மாடு மேயாதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும். கையாண்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். யாரேனும் தின்றுவிட்டால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்குவதற்குச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திராமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மீதிக் கிழங்கையும் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டலாம்.

வைகாசி முதல் வாரம் ஒரு முறை மணலை விலக்கிப் பார்த்து வரவேண்டும். முளைக்கண் வெளுத்துப் பருக்கத் தொடங்கினால் உறக்கம் கலைந்தது என்று பொருள். 50 முதல் 60 கிராமுக்குக் குறையாத கிழங்குகளை நடவுக்குப் பொறுக்கலாம். சிறியவை முதல் ஆண்டில் கொடி மட்டும் விட்டுப் பூக்காமல் போவதுண்டு. அவற்றைத் தனிப் பாத்தியில் வளர்த்துப் பெருக்கலாம். லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டசிம் கலந்த நீரில் அரை மணி நேரம் நனைத்து, வடிகாலுள்ள மேட்டுப்பாத்தியில் நட்டு, கொடி ஏறக் கிளுவைப் போத்து ஊன்ற வேண்டும். முதல் தண்ணீர் அப்போதுதான்.