மலையேறிய தடம் – 11: திவசமும் திருவிழாவும் ஒரே வேனில்

குடியுரிமைச் சட்டங்களும் ஒப்பந்தங்களும் மலையகக் குடும்பங்களை எவ்வாறு பிரித்துப்போட்டன என்பது சென்ற இதழில் பேசப்பட்டது. பிரிந்தவர்கள் மீண்டும் ஒரே கூரையின் கீழ்க் கூடுவதற்குக் கண்டுகொண்ட வழிகளுள் முதன்மையானது, இருபது பேர் வரை நெருக்கி அமர்ந்த வாடகை வேனில், கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிலிருந்து நானுஓயா, தலவாக்கலை, அட்டன் தோட்டங்களை நோக்கி மேற்கொள்ளப்படும் நெடும்பயணமாகும். அப்பயணத்தில் இறந்தவருக்குரிய திதியும், இருப்பவருக்குரிய விழாவும், பிறந்து வளர்ந்த லயத்தை ஒருமுறை பார்த்துவருவதும் ஒன்றாகவே நடந்துமுடிகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதனைச் சுற்றுலா என்று கருதிவிடுகிறார்கள். மலையக மக்களின் சமூக வரலாற்றை அறிய இதைக் காட்டிலும் தெளிவான சான்று அரிது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தேயிலை மலைகளில் பிறந்தவர்கள் வன்னிக்குச் சென்றது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான காலத்திலும், அதனோடு ஒட்டி வந்த 1973–74 உணவுத் தட்டுப்பாட்டிலும் வேலையும் அரிசியும் குறைந்தபோது முதல் அலையாகவும், 1977, 1983 வன்செயல்களில் லயங்கள் எரிக்கப்பட்டபோது அடுத்தடுத்த அலைகளாகவும் அவர்கள் வடக்கே இறங்கினர். காந்தியம் போன்ற அமைப்புகள் வவுனியாப் பகுதியில் குடியேற்றங்களை அமைத்து உதவின. கிளிநொச்சி மாவட்டத்தில் தருமபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய ஊர்களில் காடுவெட்டிக் குடியமர்ந்தோருள் பெரும்பகுதியினர் மலையிலிருந்து வந்தவர்களே. அண்ணன் தோட்டத்திலும் தம்பி வன்னியிலும், 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்ற அக்காள் நீலகிரியிலுமாகச் சிதறிய குடும்பங்கள் இன்றும் எண்ணற்றவை. அவ்வொப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கிவைத்தது. அப்பங்கீட்டின்போது எந்தத் தாய்க்கு எந்தப் பிள்ளை என்று எவரும் கேட்கவில்லை.

துக்கமும் கொண்டாட்டமும் ஒரே பயணத்தில் கலப்பது வழக்கக்கேடு என்று மூத்தோர் சிலர் வருந்துவதுண்டு. இறப்பு நிகழ்ந்த வீட்டில் ஓராண்டு நிறையும்வரை நற்காரியம் செய்யலாகாது என்பது பழைய விதி. ஆனால் அவ்விதியே இப்பயணத்தின் நாளையும் குறித்துத் தருகிறது. இறப்பின் ஆண்டு நிறைவில் செய்யப்படும் முதல் திதி தலைத் திவசம் எனப்படும். வடபகுதியில் அதனை ஆட்டைத் திவசம் என்பர். அது முடிந்தவுடன் துக்கம் கழிந்தது என்பது இரு நிலத்தாருக்கும் பொதுவான நம்பிக்கையாதலால், திவசத்துக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ தோட்டக் கோயில் திருவிழா வரும்படியாகவோ, பேரப்பிள்ளைக்குக் காதுகுத்தோ, பெரியபிள்ளையான பெண்ணுக்குத் தாய்மாமன் கையால் சீரோ நடக்கும்படியாகவோ பயணம் வகுக்கப்படுகிறது. வேன் வாடகை, எரிபொருள், வேலைத்தலத்தில் எடுக்க இயலும் விடுப்பு, பாடசாலை விடுமுறை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், ஒரே ஆண்டில் இரண்டு முறை மலையேறுவது கூலிக் குடும்பம் ஒன்றுக்கு இயலாத செயல். எனவே விதி மீறப்படவில்லை. விதியின் எல்லைக்கோட்டின் மேலேயே நாள் வைக்கப்படுகிறது.

அப்பயணம் செல்லும் வழி தனியே நின்று பார்க்கத்தக்கது. கிளிநொச்சியிலிருந்து புறப்படும் வேன் ஏ-9 வீதியில் வவுனியாவைக் கடந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை வழியாகக் கண்டியை அடைகிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், ஆட்களைத் திரட்டி அழைத்துவரும் தலைவனாகிய கங்காணியின் பின்னால், கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாகச் சென்ற வடபாதையும் மதவாச்சியை அடுத்து ஏறத்தாழ இதே வழிதான். அக்காலத்தில் அது காட்டுவழி, குடிநீர் அரிது, வாந்திபேதியும் காய்ச்சலும் கூட்டங்கூட்டமாக உயிர்களைக் கொண்டுபோயின. இறந்தவர்களை வழியோரத்திலேயே விட்டுவிட்டு ஏனையோர் நடந்தனர். மாத்தளை அவ்வழியின் வாசலாக இருந்ததனால், அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் மலையக மக்களின் நினைவில் தனியிடம் பெற்றது. இன்றும் வடக்கிலிருந்து வரும் வேன்கள் பல அக்கோயில் வாசலில் நின்று, தேங்காய் உடைத்த பின்னரே மலையேறுகின்றன. அங்கே நிற்பவர்களுள் எத்தனை பேர் தம் முன்னோரும் அதே இடத்தில் களைத்து அமர்ந்திருக்கக்கூடும் என்பதை அறிந்திருக்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை. அறிந்தாலும் அறியாவிட்டாலும் கால் அங்கே தானே நிற்கிறது.

இத்தடத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது 2023ஆம் ஆண்டின் நடைபவனி. கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கியதை ஒட்டி, 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, மலையக மக்களின் இருநூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்டது. அதன் பகுதியாக ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடை, ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் நிறைவுற்றது. வழியில் மாண்டவர்களுக்கு அஞ்சலியும், எஞ்சி வாழ்ந்து ஒரு மக்களினமாக நிமிர்ந்ததன் கொண்டாட்டமும், உரிமைக் கோரிக்கையும் அந்நடையில் ஒருங்கே இருந்தன. ஒரு குடும்பத்து வேனுக்குள் நிகழ்வது அங்கே ஒரு சமூகத்தின் அளவில் நிகழ்ந்தது எனலாம்.

போர்க்காலத்தில் இவ்வழி அடைபட்டிருந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏ-9 வீதி 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்போது திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த 2009க்குப் பின்னரே பொதுமக்களுக்கு அது மறுபடியும் வழியாயிற்று. தோட்டத்தில் தகப்பன் இறந்த செய்தி வன்னியிலுள்ள மகனுக்கு மாதங்கள் கழித்து எட்டியதும், வன்னியில் மகன் மாண்டது தோட்டத்துத் தாய்க்கு உறுதியாகத் தெரியாமலே போனதும் அக்காலத்தின் கதைகள். உடல் கிடைக்காதவர்களுக்கு இறந்த நாளே தெரியாத நிலையில், ஆடி அமாவாசையைக் கொண்டோ, கடைசியாகக் குரல் கேட்ட நாளைக் கொண்டோ திதி கொடுக்கும் குடும்பங்கள் மலையிலும் உள்ளன. இப்பயணங்கள் பெருகியதற்கு நல்ல வீதியும் வாகன வசதியும் மட்டும் காரணமல்ல. கடன்பட்டு நின்ற சடங்குகள் பல காத்திருந்தன.

கம்பளையில் வழி இரண்டாகப் பிரிகிறது. புசல்லாவை, இறம்பொடை வழியே நுவரெலியாவுக்கு ஏறி நானுஓயாவுக்கு இறங்குவது ஒன்று. நாவலப்பிட்டி, கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை வழியே வருவது மற்றொன்று. எவ்வழியாயினும் வளைவுகளும் செங்குத்தும் மூடுபனியும் மிகுந்த வீதிகள்; நீண்ட தூரம் ஓட்டிவந்த சாரதி களைத்திருக்கும் நேரத்திலேயே அவை தொடங்குகின்றன. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20 அன்று, மாணவர்களை ஏற்றிவந்த பேருந்தொன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் ஏழு உயிர்கள் பறிபோயின. குடும்பத்தோடு வருவோர் கண்டியிலோ கம்பளையிலோ இரவைக் கழித்துவிட்டு, விடிந்த பின் மலையேறுவது நல்லது.

நானுஓயாவுக்கு 1885ஆம் ஆண்டில் ரயில் வந்தது. நாவலப்பிட்டியிலிருந்து நீட்டப்பட்ட பாதை, பதுளை வரை செல்வதற்கு முன் சில ஆண்டுகள் இங்கேயே நின்றது. நுவரெலியாவுக்குச் செல்வோர் இறங்கும் நிலையம் இன்றும் இதுவே. மலையக மக்களுக்கோ அது பிரிவின் நிலையம். ஒப்பந்தப்படி இந்தியா செல்ல வேண்டியவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயில்களுக்கு, மேடையில் எழுந்த அழுகையினால் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வழங்கிற்று. கோச்சி என்பது மலையகத்தில் ரயிலுக்கு வழங்கும் சொல். அவ்வாறு சென்றவர்களுள் பலருக்குக் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் வேலை தந்தது. மீண்டும் அதே கொழுந்து, அதே குளிர், வேறு நாடு. அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் இப்போது விமானத்தில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து வேன் பிடித்து நானுஓயாவில் வன்னி உறவினரோடு சேர்ந்துகொள்வதுண்டு.

தோட்டத்தை அடைந்ததும் முதலில் நடப்பது திவசம். இங்கே ஒரு சிறு இழுபறி நேரும். மலையகத்தார் தமிழ்நாட்டு வழக்கப்படி பதினாறாம் நாளில் கருமாதி செய்பவர்கள். வன்னியில் வளர்ந்த தலைமுறையோ யாழ்ப்பாண வழக்கைப் பின்பற்றி முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டி செய்யப் பழகியிருக்கும். எது சரி என்று பெரியப்பாவுக்கும் மகனுக்கும் இடையே வாதம் எழுந்தாலும், தலைத் திவசத்தில் இரு வழக்கும் கூடிவிடுகின்றன. இடுகாட்டைக் கண்டுபிடிப்பதுதான் அதைவிடக் கடினம். தோட்ட மயானங்களில் கல்லறை கட்டியவர்கள் சிலரே. பல குழிகளுக்கு ஒரு வாகைமரமோ பாறையோதான் அடையாளம், மரம் வெட்டப்பட்டால் அதுவும் இல்லை. ‘அப்பாயி இந்தப் பக்கம்தான்’ என்று கைகாட்ட ஒரு கிழவர் உயிரோடு இருக்கும்வரைதான் அவ்விடம் ஒரு குடும்பத்துக்கு உரியது.

அடுத்த நாள் திருவிழா. மாரியம்மனோடு முனியாண்டியும் மாடசாமியும், தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனியும், செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் காலத்தில் வழிபடப்படும் கவ்வாத்துச்சாமியும் இத்தோட்டங்களின் தெய்வங்கள். வேலையிலிருந்தே பிறந்த தெய்வங்களை விட்டு வன்னிக்குச் சென்றவர்கள், அவற்றுக்கு வேண்டிய நேர்த்திக்கடனையும் இங்கேதான் தீர்க்க வேண்டும். பயணம் மாசி மாதத்தில் அமைந்தால் காமன் கூத்தைக் காணலாம். சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதும், ரதி புலம்புவதும், அவள் வேண்டுதலால் அவன் அவள் கண்ணுக்கு மட்டும் உயிரோடு தோன்றுவதுமான கதையைத் தோட்டமே கூடி, தப்பு முழங்க, இரவுகள் தோறும் ஆடுகிறது. கம்பம் நட்ட நாள் முதல் தகனம் வரை திருமணமும் இழவும் ஒரே திடலில் நடப்பதைப் பார்த்து வளர்ந்த மக்களுக்கு, ஒரே பயணத்தில் திவசமும் திருவிழாவும் வருவது முரணாகத் தோன்றாததில் வியப்பில்லை.

கடைசியாக லயம். ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றையறை வீடுகளின் தொகுதி லயம், அவ்வறை காம்பரா. பிறந்த காம்பராவில் இப்போது வேறொரு குடும்பம் வசிக்கும். அவர்கள் தேநீர் கொடுத்து உபசரிப்பார்கள். வந்தவர்கள் அடுப்பிருந்த மூலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். யாழ்ப்பாணத்துக்கோ மதுரைக்கோ திரும்புபவருக்கு ஒரு வளவோ, பாகப்பிரிவினைப் பத்திரமோ, வழக்கில் கிடக்கும் ஒரு துண்டுக் காணியோ இருக்கும். மலையகத்தாருக்கு அது இல்லை. வேலை நின்றால் வீடும் இல்லை என்ற ஏற்பாட்டில் தலைமுறைகள் வாழ்ந்தன; 2015க்குப் பின் ஏழு பேர்ச்சஸ் நிலத்தோடு தனிவீடு வழங்கும் திட்டங்கள் வந்தும் அவை எட்டியது ஒரு சிறு பகுதியினருக்கே. ஏக்கரின் நூற்றறுபதில் ஒரு பங்கு ஒரு பேர்ச்சஸ். ஒன்றரை நூற்றாண்டாகத் தேயிலை வளர்த்தவர்களுக்கு அதே மலையில் ஏழு பேர்ச்சஸ் தருவதற்கு இத்தனை தாமதம் என்பது மன்னிக்கக்கூடியதன்று.

பத்திரம் இல்லாத இம்மக்களுக்குச் சொந்த ஊரின் சான்று அவர்கள் வாயில் இருக்கும் விவரங்கள் மட்டுமே. மலையிலிருந்து பிரிந்துசென்ற குடும்பத்தைச் சேர்ந்த வாசகர்கள் ஒன்று செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், எத்தனையாம் நம்பர் லயம், யார் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று கேளுங்கள். கேட்டதை அடுத்த பயணத்துக்கு முன் ஒரு கொப்பியில் எழுதி, பிள்ளைகள் கையில் கொடுத்துவையுங்கள்.